நாலாம் நம்பர் வீட்டில் ஒரு குழி

பரிமளாக்காவுக்கு வாடகை வீடு கிடைக்காததற்கு அவள் வாய்தான் காரணம் என்று தெருவில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் தறிதான் காரணம் என்பார்கள். இரண்டு கட்சியும் சரிதான். வாயையாவது ஒரு நாள் இரண்டு நாள் மூடி வைக்கலாம். தறியை மூடினால் அடுப்பையும் மூட வேண்டியதுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பரிமளாக்கா நெய்வது குழித்தறியில். அது பீரோ மாதிரி மூலையில் நிறுத்திவைக்கிற சாமான் இல்லை. கூடத்தில் இடுப்பளவு பள்ளம் வெட்ட வேண்டும். நெய்கிறவள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். பாதி உடம்பு தரைக்குக் கீழே, பாதி உடம்பு மேலே. இந்த லட்சணத்தில்தான் உலகத்துக் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் பட்டுப்புடவை போகிறது. இப்போது கட்டுகிற வீடுகளில் எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே போய், "அட்வான்ஸ் இந்தாங்க, கூடத்துல ஒரு குழி வெட்டிக்கறேன்" என்று சொன்னால் எந்த வீட்டுக்காரர் மாலை போட்டு வரவேற்பார்?

அவள் கணவர் பாலு அண்ணன் தங்கமான மனிதர். கல்யாணத்தன்று பேசியதோடு சரி என்று பரிமளாக்கா சொல்வாள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது அவருக்கு ஒரு சுவரும் ஒரு குத்துவிளக்கும் வந்தன. சுவரில் யாரும் குடித்தனம் பண்ண முடியாது. அன்றிலிருந்து வாடகை வீடுதான். போகிற வீட்டில் எல்லாம் குழி வெட்டுவாள். காலி பண்ணும்போது மண் கொட்டி, சிமெண்ட் பூசி, வீட்டுக்காரர் வாயில் நாலு வசவு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எட்டு கொடுத்துவிட்டு வருவாள். மகள் பானுப்ரியாவைப் போளூரில் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி வீட்டார் சொத்து பத்து விசாரித்தார்களாம். "ஊர் பூரா மூடுன குழி கீது, வந்து எண்ணிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணம் நடந்தது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம்.

நான் லீலா. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், போட்டோ, ஆன்லைன் மனு எல்லாம் போட்டுத் தருகிற கடை வைத்திருக்கிறேன். அரசாங்கத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. அது மக்கர் பண்ணும்போதெல்லாம் அதன் தலையில் தட்டுவது என் உத்தியோகம். போளூர் ரோட்டில் குறைந்த வாடகைக்கு அரசாங்கக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன் பரிமளாக்காவுக்கு மனு போட்டுக் கொடுத்தது நான்தான். அதுதான் நான் செய்த பாவம். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு தரம் கடைக்கு வந்து, "என் பேரு நகந்துச்சா?" என்று கேட்பாள். காத்திருப்போர் பட்டியல் என்பதை அவள் ரேஷன் கடைக் க்யூ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருப்பவன் போனால் பின்னால் இருப்பவன் நகர வேண்டும், அவ்வளவுதான்.

அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்றால், தெருவில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தால் நின்று படிப்பாள். "பாவம், நல்ல மனுஷன்" என்று உச்சுக் கொட்டுவாள். நேராக என் கடைக்கு வந்து, அந்த நல்ல மனுஷன் லிஸ்டில் தனக்கு முன்னால் இருந்தாரா என்று பார்க்கச் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வரும். சொந்த வீடு வைத்திருக்கிறவர்கள்தான் இதையெல்லாம் அநாகரிகம் என்பார்கள். நானும் வாடகை வீட்டில் இருப்பவள், நான் சொல்ல மாட்டேன்.

வருஷங்கள் ஓடின. கட்டடமும் எழும்பியது. கீழ்த்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியும். அந்த வருஷம் வைகாசியில் பரிமளாக்காவின் வீட்டுக்காரர் லோகநாதன் வந்து உட்கார்ந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. காபி குடித்தார், பாலு அண்ணனின் முதுகுவலியை விசாரித்தார், போகும்போது, வீட்டை இடித்துக் கடை கட்டப்போகிறேன், ஆடி முடிவதற்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால் பரிமளாக்கா சமாளித்திருப்பாள். மரியாதையாகச் சொன்னவரை என்ன செய்வது?

அவள் வேறு வீடு தேடாமல் இல்லை. சேவூர் வரைக்கும் போய்ப் பார்த்தாள். தறி என்றதும் கதவைச் சாத்தினார்கள். அவளுக்குத் தறியில் பூட்டுகிற பாவு நூலைக் கொடுக்கிற பட்டு முதலாளியோ, தறி ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் அடுத்த பாவு வேறு ஆளுக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். கையை விட்டுப் போன பாவு திரும்பி வந்ததை எங்கள் ஆரணியில் யாரும் பார்த்ததில்லை. ஆக, அவளுக்கு வேண்டியது தலைக்கு மேல் கூரை மட்டும் இல்லை. காலுக்குக் கீழே மண்ணும் வேண்டும். அரசாங்க வீடு வர வேண்டும், அதுவும் கீழ் வீடாக வர வேண்டும், அதுவும் சீக்கிரம் வர வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அருள்ராஜ் வந்து சேர்ந்தார். எந்தக் கட்சி என்று கேட்டால், எல்லாருக்கும் வேண்டியவன் என்று சொல்லிக்கொள்கிற ஆள். பரிமளாக்கா வீட்டில் இரண்டு தரம் சாப்பிட்டுவிட்டு, கீழ் வீடெல்லாம் நெசவாளிகளுக்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், குலுக்கல் எல்லாம் கண்துடைப்பு, நாலாம் நம்பர் உனக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். அது எப்படி நாலாம் நம்பர்? அவள் ஏற்கெனவே போய்ப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்ன நம்பர் அது. கிழக்கே ஜன்னல், நூலின் நிறம் நன்றாகத் தெரியும் என்று அவளே வாயை விட்டிருந்தாள். மனுஷன் அதையே வாங்கி அவளுக்கே திருப்பிக் கொடுத்தார்.

அரசாங்கக் குடியிருப்பில் கீழ்த்தளம் மாற்றுத்திறனாளி இருக்கிற குடும்பத்துக்கு என்று போட்டிருக்கிறது, நானே படித்தேன் என்று அவளிடம் சொன்னேன். "நீ கம்ப்யூட்டர்ல படிச்ச, அவரு ஆபீஸ்லயே பேசிட்டு வந்துகிறாரு" என்றாள். என் பிரிண்டரை விட அருள்ராஜின் வாய்க்கு மரியாதை அதிகம். எனக்குக் கோபம் வந்தது, விட்டுவிட்டேன்.

குலுக்கல் தேதி அறிவித்தார்கள். ஆடி முதல் வாரம். பரிமளாக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆடியில் புது வீடு போவதே கிடையாது. தறிக்குழிக்குக் கடப்பாரை வைப்பதைப் பற்றிப் பேசவே கூடாது. அவள் வீட்டு வழக்கப்படி குழிக்கு நல்ல நாள் பார்த்து, வீட்டு ஆளே முதல் வெட்டு வெட்டி, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி நாலு மூலையிலும் வைக்க வேண்டும். ஆனியை விட்டால் ஆவணிதான். ஆவணியில் வெட்டி, குழி காய்ந்து, தறி இறக்கி, பாவு பூட்டி... அதற்குள் பாவு வேறு தெருவுக்குப் போய்விடும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டவள் ஒரே ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டாள். வீடு இன்னும் அவளுடையது இல்லை.

ஆனி மாதக் கடைசி முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கட்டட வேலைக்கு லீவு. காவலுக்கு இருந்தவர் ராமதாஸ். அவருக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் போனது. நல்ல பிரியாணி, அதற்கப்புறம் அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால்தான் ஆச்சரியம். பட்டப்பகலில் பாலு அண்ணன் கடப்பாரையோடு நாலாம் நம்பர் வீட்டுக்குள் நுழைந்து, டைல்ஸைப் பெயர்த்து, சிமெண்டை உடைத்து, மாலைக்குள் இடுப்பளவு குழி வெட்டிவிட்டார். பரிமளாக்கா தேங்காய் உடைத்தாள், பழம் அறுத்தாள், குங்குமம் தடவினாள். அங்கே கிடந்த பலகை ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, வீடு கிடைத்த சந்தோஷத்தோடு திரும்பினாள். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் நானே போய் மண்ணை அள்ளிப் போட்டிருப்பேன்.

குலுக்கல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பேப்பர்களைத் துருவிப் பார்ப்பார்கள் என்று பயந்து பரிமளாக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முதலில் கீழ் வீடுகள். நான் படித்ததைத்தான் குலுக்கல் நடத்த வந்த அதிகாரியும் மைக்கில் படித்தார். மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். பரிமளாக்கா அருள்ராஜைத் தேடினாள். அவர் மேடைக்குப் பக்கத்தில் யாருக்கோ சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள். கன்னியம்மா என்று பேர் வந்தது.

கன்னியம்மாவையும் எனக்குத் தெரியும், அவளுக்கும் நான்தான் மனு போட்டேன். களம்பூர் ரைஸ்மில்லில் நெல் புடைக்கிற வேலை. கணவர் துரை அதே மில்லில் மூட்டை தூக்கியவர், லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து இடுப்பு போய்விட்டது. ஊர் ஓரத்தில் ஏரித் தண்ணீர் ஏறுகிற இடத்தில் ஒரு ஓட்டு வீட்டில், கல்லூரிக்குப் போகிற மகள் கலையரசியோடு இருந்தார்கள். பேர் கூப்பிட்டதும் கன்னியம்மா எழுந்து நின்றாள். மேடைக்குப் போக வேண்டும் என்றே தோன்றாமல் நின்றுகொண்டிருந்தாள். மகள் தள்ளிவிட்ட பிறகுதான் நடந்தாள்.

பரிமளாக்காவுக்கு மூன்றாவது மாடி வந்தது. முகத்தில் ஈயாடவில்லை. பாலு அண்ணன் அன்றைக்கு வாயைத் திறந்தார். "குழி?" என்றார். அப்போதுதான் அவள் என் காதில் விஷயத்தைச் சொன்னாள். நான் அவளை அடித்திருப்பேன், மண்டபத்தில் கூட்டம் இருந்தது.

சாவி கையில் கிடைத்தால் யார் சும்மா இருப்பார்கள்? எல்லாரும் நேராகக் குடியிருப்புக்குப் போனார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நாலாம் நம்பர் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மூடி வைத்த பலகையை எவனோ கொத்தனார் தூக்கிக்கொண்டு போயிருந்தான். புத்தம் புது வீடு, நடுக்கூடத்தில் இடுப்பளவு பள்ளம், நாலு மூலையிலும் குங்குமம் தடவிய எலுமிச்சை, காய்ந்துபோன தேங்காய் மூடி. பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? புதையல் என்றார் ஒருவர். நரபலி என்றார் இன்னொருவர். புதையல் எடுக்க நரபலி கொடுத்திருக்கிறார்கள் என்று மூன்றாமவர் இருவரையும் சமாதானம் பண்ணி வைத்தார்.

காண்டிராக்டர் வெளியூர்க்காரர். தரை தானாக உள்வாங்கியிருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். தரை தானாக உள்வாங்கும்போது தேங்காயும் உடைக்குமா என்று கேட்டார்கள். காவல்காரர் ராமதாஸ் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டார். கூட்டத்தில் நெசவாளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சாமி விஷயம், நமக்கெதற்கு என்று ஒதுங்கினார்கள். அந்த நேரத்தில் எனக்கு என் ஊர்க்காரர்கள் மேல் பாசமே வந்துவிட்டது. பரிமளாக்கா பெட்டிப் பாம்பாக நின்றிருந்தாள். யாராவது போட்டுக்கொடுத்தால் அரசாங்க சொத்தைச் சேதப்படுத்திய கேஸ், மூன்றாவது மாடியும் போய்விடும், லிஸ்டில் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவான். அவளுக்குப் பின்னால் இருப்பவன் தினமும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் படிக்கிறவன்தானே.

மறுநாள் தீனா வந்தான். செல்போனில் சேனல் நடத்துகிற வாலிபன், மைக்கில் பஞ்சு உறை எல்லாம் மாட்டியிருப்பான். குழியைச் சுற்றி நின்ற கூட்டத்தை விலக்கிவிட்டு, "நேயர்களே, நாம இப்போ மர்மக் குழிக்குள்ள எறங்கப் போறோம்" என்று லைவ் போட்டபடி, காலில் மாட்டியிருந்த ஷூவோடு குழிக்குள் குதித்தான். குதித்தவன் எலுமிச்சம்பழத்தை வேறு காலால் தள்ளினான்.

தறிக்குழியில் செருப்புக் காலோடு யாரும் இறங்க மாட்டார்கள். சின்னக் குழந்தையைக் கூட விடமாட்டார்கள். பரிமளாக்கா பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள், நான் கையைக் கூடப் பிடித்திருந்தேன். கையை உதறிவிட்டாள்.

"டேய், ஷூவ கழட்டுடா. தறிக்குழிடா அது. பொழுதெல்லாம் கஷ்டப்பட்டு வெட்டினது, நீ ஷூ போட்டு மிதிக்கவா?"

அவ்வளவுதான். லைவில் அப்போது எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, அத்தனை பேருக்கும் மர்மம் விலகியது. தீனா நிஜமாகவே ஷூவைக் கழற்றிவிட்டான். பேட்டி வேண்டும் என்று அவள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினான். அவள் அதற்குக் கொடுத்த பதிலை அவன் பிறகு சத்தத்தை எடுத்துவிட்டுத்தான் போட முடிந்தது.

அதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. அவர் கன்னியம்மாவைக் கூப்பிட்டார். நீங்கள் எழுத்துமூலமாக ஒரு புகார் கொடுத்துவிடுங்கள், அந்த அம்மாவின் ஒதுக்கீட்டை ரத்து பண்ணி, அவர்கள் செலவிலேயே குழியை மூட வைக்கிறேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் லீலா கடையில் டைப் அடித்துத் தருவார்கள் என்று சொல்லி அனுப்பினார். எல்லாம் என் தலையில் வந்துதான் விடியும்.

மறுநாள் காலை கன்னியம்மா கலையரசியோடு கடைக்கு வந்தாள். பரிமளாக்கா அதற்கு முன்பே வந்து பிரிண்டர் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். பரிமளாக்கா திட்டுவதில் ஆள் பார்க்க மாட்டாள், அதில் அவளிடம் பரிபூரண சமத்துவம் உண்டு. ஆனால் தண்ணீர் குடிப்பதில் வீடு பார்ப்பாள். கன்னியம்மா உள்ளே வந்ததும், தன்னை அறியாமல் முந்தானையை இழுத்து ஒடுக்கிக்கொண்டாள். நான் பார்த்தேன். கன்னியம்மாவும் பார்த்தாள்.

பரிமளாக்கா சுற்றி வளைக்கவில்லை. வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மூன்றாவது மாடியில் நல்ல காற்று வரும், கொசு கிடையாது, எல்லாம் சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரர மூணு மாடி நீங்க தூக்கினு போவீங்களாம்மா?" என்று கேட்டாள் கன்னியம்மா. கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போல் கேட்டாள்.

பரிமளாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். துரையின் இடுப்பு விஷயம் அவளுக்குத் தெரியாது, நான்தான் சொன்னேன். "அப்போ எழுதிக் குடுத்துடும்மா. தப்பு என்னுதுதான்" என்றாள். தறியைப் பிரித்து எங்கே போடுவது என்று எனக்கே தெரியவில்லை. நான் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு, என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

கன்னியம்மா பரிமளாக்காவைப் பார்த்தாள். "பாத்த அன்னிக்கே தறிக்குழின்னு தெரியும்" என்றாள். "எங்கப்பாரு இந்த ஊர்ல பாதிக் குழி வெட்னவரு. மொத வெட்டு ஊட்டுக்காரங்க வெட்டுவாங்க, மிச்சத்த அவருதான் வெட்டுவாரு. மத்த நாள்ல வாசப்படி ஏற வுட மாட்டாங்க. குழி வெட்ட மட்டும் நடுக்கூடம் வரிக்கும் வுடுவாங்க. வெட்டி முடிச்சதும் தண்ணி ஊத்திக் கழுவுவாங்க." அப்புறம் பாலு அண்ணனின் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு பக்கம் சரிந்திருக்கிறதாம், வெட்டியவனுக்கு வேலை தெரியவில்லையாம்.

பரிமளாக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியம்மா எழுந்தாள். புகார் இல்லை என்றாள். குழி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பரிமளாக்கா மேலே குடியிருந்துகொண்டு கீழே வந்து நெய்யட்டும், பகலில் தானும் மகளும் வெளியே போய்விடுவதால் துரை தனியாகப் படுத்துக் கிடக்கிறார், யாராவது வீட்டில் இருப்பது நல்லதுதான் என்றாள். கலையரசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா கையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டாள்.

"ஆனா வாடகை வேணும்" என்றாள் கன்னியம்மா. "சும்மா இல்ல. மாசா மாசம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டை உள்வாடகைக்கு விடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மறுபடியும் ஒரு தரம் எடுத்துப் படித்தேன். வீட்டைத்தான் விடக்கூடாது. குழியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதிகாரிக்கும் திருப்திதான். புகார் இல்லாவிட்டால் ஃபைல் இல்லை. ஃபைல் இல்லாத குழி அரசாங்கத்தைப் பொறுத்தவரை குழியே இல்லை.

பரிமளாக்காவின் சொந்தக்காரர்களுக்குத்தான் வயிறு எரிந்தது. நாத்தனார் ஆதிலட்சுமி பொழுதோடு வந்து, போயும் போயும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நெய்வதா, முகூர்த்தப் புடவை ஆயிற்றே, தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று ஆரம்பித்தாள். பரிமளாக்கா நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆதிலட்சுமி விடவில்லை.

"பட்டுப்பூச்சிய வேக வெக்கறவன் இன்னா ஜாதின்னு கேட்டுகினா நீ கட்ற?" என்றாள் பரிமளாக்கா. "உன் ஊட்டுக் கூடத்துல குழி வெட்டிக்கட்டுமா? சொல்லு, இப்பவே கடப்பாரைய எடுத்துனு வரேன்."

ஆதிலட்சுமி வீட்டில் போன வருஷம்தான் கிரானைட் போட்டார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லோகநாதன் ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தார். ஆவணி பிறந்ததும் தறி நாலாம் நம்பருக்குள் இறங்கியது. குழியின் சரிந்த பக்கத்தைக் கன்னியம்மாவே கடப்பாரை பிடித்துச் சரி பண்ணினாள். பாலு அண்ணன் மண்ணை அள்ளிக் கொட்டினார். துரை கட்டிலில் சாய்ந்தபடி இருவரையும் வேலை வாங்கினார், மனுஷன் அவ்வளவு உற்சாகமாக இருந்து பார்த்ததில்லை என்று கலையரசி சொன்னாள். பாவும் வந்து பூட்டியாயிற்று. பரிமளாக்கா தினமும் காலையில் மூன்று மாடி இறங்கி வருவாள், கூஜாவில் தன் தண்ணீரைத் தானே கொண்டுவருவாள். கன்னியம்மா அந்தக் கூஜாவைப் பார்ப்பாள், வேலைக்குக் கிளம்பிப் போவாள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி நான் அங்கே இருந்தேன். துரையின் உதவித்தொகைக்குக் கைரேகை வைக்க வேண்டும், அவரால் கடைக்கு வர முடியாது என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கன்னியம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பரிமளாக்கா வாடகைப் பணத்தோடு வந்தாள். வாடகை கொடுத்துக் கொடுத்தே தேய்ந்த கை அது, அவளுக்கு இதில் ஒரு கூச்சமும் இல்லை. "இந்தாம்மா, மொத மாசம்" என்றாள்.

கன்னியம்மா குழியின் ஓரத்தில் நின்று உள்ளங்கையை நீட்டினாள். பரிமளாக்காவின் கை அந்தக் கைக்கு ஒரு சாண் மேலே போய் நின்றுவிட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். அவள் அம்மா கூலி கொடுத்தபோது அப்படித்தான் கொடுத்திருப்பாள், அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான். அங்கிருந்தே பணத்தைப் போட்டாள்.

கன்னியம்மா கையை எடுத்துக்கொண்டாள். நோட்டுகள் குழிக்குள் விழுந்தன.

கட்டிலில் இருந்த துரை என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"எங்க வம்சத்துல வாடகை வாங்கற மொத ஆளு நாந்தாம்மா" என்றாள் கன்னியம்மா. குரலை உயர்த்தவில்லை. "கீழ வுழுந்தத வாங்க மாட்டேன்."

பரிமளாக்காவின் முகம் சிவந்துபோனது. ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயந்தேன், அவள் வாயைப் பற்றித் தெரியாதா? அவள் புடவையை முழங்காலுக்குச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மிதிகட்டைக்கு அடியில் கிடந்த நோட்டுகளைக் குனிந்து பொறுக்கி, மண்ணைத் தட்டினாள். இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டு, அண்ணாந்து பார்த்து, இரண்டு கையாலும் பணத்தை எடுத்து நீட்டினாள். கன்னியம்மா குனிந்து அவள் கையைச் சேர்த்துப் பிடித்து வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றிக் கொடுங்கள் என்று பரிமளாக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.